குதிரையேறத் தெரியாத கொலைகாரன்

பன்றிகளுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. நோய் பிடித்தவற்றைத் தனியே பிரித்தாக வேண்டும். அறுபதை ஒட்டிய ஒரு மனிதர் பட்டிக்குள் இறங்கி ஒரு பன்றியைத் தள்ளுகிறார்; அது நகர மறுக்கிறது. இழுக்கிறார், அது அவரை இழுத்துக்கொண்டு போகிறது. சேற்றில் குப்புற விழுகிறார். முகத்தை வழித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே குதிரைமேல் ஓர் இளைஞன். கேட்டவர்களை நடுங்கவைக்கும் பெயருக்குச் சொந்தக்காரனான வில்லியம் மனியைத் தேடிப் பல மைல் தாண்டி வந்தவன். சேற்றில் கிடக்கும் இந்த ஆளைப் பார்த்ததும் அவனுக்கு நம்பிக்கை விட்டுப்போகிறது. பார்க்க அப்படித் தெரியவில்லையே என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறான்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்து 1992இல் வெளிவந்த ‘அன்ஃபர்கிவன்’ தன் நாயகனின் முகத்தை நமக்கு முதலில் காட்டும் இடம் இதுதான். தொழிலைக் கைவிட்டு ஒதுங்கிய கொலையாளி மறுபடி ஆயுதம் தொடும் கதையைச் சினிமா எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் அந்த மறுபடி தொடும் கணத்துக்காகத்தான் படமே காத்திருக்கும். 2014இல் வந்த ‘ஜான் விக்’ படத்தில் கியானு ரீவ்ஸ் சம்மட்டியால் கான்கிரீட் தரையை உடைத்து, புதைத்துவைத்த துப்பாக்கிகளையும் தங்கக் காசுகளையும் வெளியே எடுப்பார். அதற்குப் பிறகு அவர் கைகள் எதையும் மறந்திருக்கவில்லை என்று ஒவ்வொரு அசைவும் சொல்லும். அந்தப் படத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘அன்ஃபர்கிவன்’ போவது வேறு வழி. இங்கே உடம்புக்கு எல்லாம் மறந்துபோயிருக்கிறது. அது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவதைப் பார்க்கப் பார்க்க நமக்குச் சந்தோஷம் வருவதற்குப் பதில் வயிற்றைப் பிசைகிறது. இந்தப் படத்தின் நயம் முழுவதும் அந்த மெதுவான நினைவுகூரலில் அடங்கியிருக்கிறது.

முதலில் கைத்துப்பாக்கியை எடுத்துப் பார்க்கிறார் மனி. கொஞ்ச தூரத்தில் ஒரு தகரடப்பாவை வைத்துக் குறி பார்க்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று குண்டுகள் மண்ணில் போய்ப் புதைகின்றன. டப்பா அசையவே இல்லை. மகனும் மகளும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிறுமி தன் அண்ணனிடம் கேட்கிறாள்: அப்பா முன்பு மனுசங்களைக் கொன்றுகொண்டிருந்தாரா? மனி வீட்டுக்குள் போய் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு திரும்பி வருகிறார். ஒரே வெடி, டப்பா பறக்கிறது. குழந்தையின் கேள்விக்குக் கிடைத்த பதில் அந்தச் சத்தம்தான். முதல்முறை பார்க்கும்போது இந்தக் காட்சியில் சிரிப்பு வரும், வரவும் வேண்டும். முழுப் படத்தையும் பார்த்துவிட்டு மறுபடி இங்கே வந்தால், குறி தவறிய ஒவ்வொரு குண்டும் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த வரமாகத் தெரியும்.

அடுத்தது குதிரை. வெகுகாலமாகச் சேணம் கண்டிராத வெள்ளைக் குதிரை. காலை வைத்து ஏறப் போனால் சுற்றிச் சுற்றி வருகிறது, கீழே தள்ளுகிறது. அவர் அதன்மேல் கோபப்படுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். உங்கள் அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் வாயில்லாப் பிராணிகளைப் படாத பாடு படுத்தினேன், அந்தக் கணக்கைத்தான் இது இப்போது தீர்க்கிறது என்று குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டே மறுபடி காலைத் தூக்குகிறார். பாவமன்னிப்புக் கேட்பதுபோன்ற அந்தக் குரலில் இறந்துபோன மனைவி கிளாடியா இருக்கிறாள். 1878இல் பெரியம்மையில் போனவள். குடியையும் துப்பாக்கியையும் விடவைத்தவள். படத்தில் ஒரு வசனம்கூட அவளுக்கு இல்லை. மனி பேசும் வாக்கியங்களில் பாதி அவளுடையவை. நான் முன்போல இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எத்தனை பேரிடம், எந்தெந்த இடத்தில், எந்தத் தொனியில் சொல்கிறார் என்று கவனித்துக்கொண்டே வந்தால் அந்த வாக்கியம் உறுதிமொழியிலிருந்து கெஞ்சலாக மாறுவது கேட்கும்.

திரைக்கதை டேவிட் வெப் பீப்பிள்ஸ் எழுதியது. 1970களின் நடுவிலேயே எழுதிவிட்டார். 1980களின் தொடக்கத்தில் அது ஈஸ்ட்வுட்டின் கைக்கு வந்தது. அவர் உடனே எடுக்கவில்லை. இந்தப் பாத்திரத்துக்குத் தனக்கு வயது போதாது என்று எடுத்து வைத்துவிட்டார். 1930இல் பிறந்தவர் 1991இல்தான் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஒப்பனையால் முதுமையை வரவழைத்துக்கொள்ள எந்த நடிகராலும் முடியும். முழங்கால் நிஜமாகவே வலிக்கும் வரைக்கும் காத்திருக்கும் பொறுமை அரிது. அவருடைய இளமை முகம் பார்வையாளர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. செர்ஜியோ லியோனியின் 1964ஆம் ஆண்டுப் படத்தில் போர்வை போர்த்திய பெயரில்லா மனிதனாக வந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் நான்கு பேரைச் சாய்த்தவர் அவர். அந்தக் கைதான் இங்கே தகரடப்பாவைத் தவறவிடுகிறது. லியோனி 1989இலும், ஈஸ்ட்வுட்டின் இன்னொரு குருவான டான் சீகல் 1991இலும் காலமானார்கள். படத்தின் கடைசியில் வரும் காணிக்கை அவர்கள் இருவருக்கும்தான், முதற்பெயரை மட்டும் சொல்லி.

பீப்பிள்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1982இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு. அங்கேயும் கொல்லும் வேலையை உதறிவிட்டுப் போன ஒருவனைத்தான் மறுபடி இழுத்து வருகிறார்கள். எதிர்கால நகரத்தில் ஒருவன், பழைய வயோமிங்கில் ஒருவன். இரண்டு பேருக்கும் விழுந்திருப்பது ஒரே முடிச்சு.

மனியை இழுத்து வருவது எது? பழிவாங்கும் வெறி அவரிடம் இல்லை. யாரும் அவர் வீட்டைக் கொளுத்தவில்லை, யாரையும் கடத்தவில்லை. பன்றிகள் சாகின்றன, பிள்ளைகளுக்குச் சோறு போட்டாக வேண்டும், அவ்வளவுதான். வந்த இளைஞன் ஆயிரம் டாலர் என்கிறான், பாதி உனக்கு என்கிறான். முதலில் மறுத்து அனுப்பிவிடுகிறார் மனி. பிறகு பன்றிகளைப் பார்க்கிறார், போகிறவனைப் பார்க்கிறார். வறுமையைக் காரணமாக வைத்ததில் ஒரு துணிச்சல் இருக்கிறது. மகளைக் கொன்றார்கள், மனைவியைக் கொன்றார்கள் என்றால் நாமே துப்பாக்கியை எடுத்து நாயகன் கையில் கொடுத்துவிடுவோம். கூலிக்காகப் போகிறவரோடு போவதற்கு நமக்கு மனம் வராது. மனம் வராமலே அவர் பின்னால் நம்மை நடக்கவைக்கிறது படம்.

அந்த ஆயிரம் டாலர் எங்கிருந்து வந்தது என்ற கணக்கையும் மிக நுணுக்கமாகப் போட்டிருக்கிறார் பீப்பிள்ஸ். பிக் விஸ்கி என்ற ஊரில் மதுக்கடையோடு சேர்ந்த விடுதி ஒன்று. அங்கே டிலைலா என்ற பெண் தன்னிடம் வந்த மாட்டுக்காரன் ஒருவனைப் பார்த்து அறியாமல் சிரித்துவிடுகிறாள். அவன் கத்தியால் அவள் முகத்தைக் கிழிக்கிறான். கூட வந்த சின்னவன் ஒருவன் அதில் மாட்டிக்கொள்கிறான். ஊர் ஷெரிஃப் லிட்டில் பில் விசாரிக்கிறார். விடுதிக்காரர் ஸ்கின்னி ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுகிறார்: பாஸ்டனிலிருந்து காசு செலவழித்துக் கூட்டிவந்தேன், ஒப்பந்தம் இருக்கிறது, இனி இந்த முகத்துக்கு யார் வருவார்கள்? தீர்ப்பு உடனே கிடைக்கிறது. கிழித்தவன் ஐந்து குதிரை, கூட இருந்தவன் இரண்டு குதிரை, ஸ்கின்னிக்குக் கொடுக்க வேண்டும். கிழிபட்டவளுக்கு ஒன்றுமில்லை. ஷெரிஃபின் குரலில் கொடுமைக்காரத் தொனி எதுவும் கிடையாது. பக்கத்து வயலில் மாடு மேய்ந்ததற்கு அபராதம் போடும் பஞ்சாயத்துத் தலைவரின் நிதானம்தான் இருக்கிறது. அந்த நிதானம்தான் அங்கே இருக்கும் மற்றப் பெண்களைப் பெட்டியைத் திறந்து சேமிப்பையெல்லாம் கொட்டவைக்கிறது.

குளிர்காலம் கழிந்து குதிரைகளை ஓட்டிக்கொண்டு வரும் நாளில், அந்தச் சின்னவன் டேவி, சொன்னதற்கு மேலாக ஒரு குதிரையைக் கொண்டுவருகிறான். இருப்பதிலேயே நல்ல குதிரை. இது உனக்கு என்று டிலைலாவைப் பார்த்துச் சொல்கிறான். பெண்கள் அவன்மேல் சேற்றை வாரி அடிக்கிறார்கள். டிலைலாவின் முகம் ஒரு நொடி காட்டப்படுகிறது. வாங்கிக்கொள்ளலாமா என்று அவள் யோசித்ததுபோலத் தோன்றும். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. கொலைக்கான கூலி ஏற்கெனவே திரண்டு, செய்தி ஊர் தாண்டிப் போய்விட்டது. டேவி இனிச் சாக வேண்டியவன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தப் படம் எவ்வளவு எளிதாகியிருக்கும்!

செய்தி பயணம் செய்யும் விதம் இன்னொரு அற்புதம். நாம் பார்த்தது முகத்தில் கத்தி வெட்டுகளை. கன்ஸாஸுக்கு வந்த இளைஞன் மனியிடம் சொல்லும்போது கண், காது எல்லாம் போய்விட்டிருக்கிறது. மனி தன் பழைய கூட்டாளி நெட் லோகனிடம் சொல்லும்போது விரல்களும் சேர்ந்துவிட்டன. காயம் வாய்க்கு வாய் வளர்கிறது. வளர்ந்தால்தான் கொல்லப் போகிறவருக்கு அது நியாயமாகத் தெரியும். இதற்கு நேர் எதிராக இன்னொரு கணக்கு. மனி சுட்டுக் கொன்ற ஒரு பழைய சம்பவத்தை இளைஞன் ஆசையாக விசாரிக்கிறான். செத்தவர்கள் இரண்டு பேர்தானே என்கிறான். ஞாபகமில்லை என்று தட்டிக்கழிக்கிறார் மனி. பின்னால் தனியாக இருக்கும்போது நெட் மெல்லச் சொல்கிறான்: இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். ஊருக்குள் பெருகும் கதைகளுக்கு நடுவே ஒரு மனிதனின் நிஜக் குற்றம் மட்டும் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது! மார்கன் ஃப்ரீமன் அந்த ஒரு வரியை எவ்வளவு தாழ்ந்த குரலில் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். குற்றம் சாட்டும் குரல் அல்ல. கூட இருந்தவனின் குரல்.

நெட்டின் வீட்டுக் காட்சியில் அவன் துணைவி சாலி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மனியின் சேணத்தில் செருகியிருக்கும் துப்பாக்கியைப் பார்க்கிறாள். மனியைப் பார்க்கிறாள். அதற்கப்புறம் நெட் தன் ஸ்பென்சர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நிற்கிறாள். பழைய நாளில் மனியைத் தெரிந்தவள் அவள். படத்தில் நடக்கப்போவதெல்லாம் அங்கே அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இந்தப் படத்தின் மற்றொரு பாதி, கொலையைக் கதையாக்கி விற்கிறவர்களைப் பற்றியது. ரிச்சர்ட் ஹாரிஸ் நடித்த இங்கிலிஷ் பாப் என்ற துப்பாக்கிக்காரர், தன் வீரத்தை எழுதும் எழுத்தாளர் பூஷாம்ப்பைக் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறார். லிட்டில் பில்லாக வரும் ஜீன் ஹாக்மன் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கித் தலைப்பில் இருக்கும் ‘டியூக்’கை ‘டக்’ என்று தப்பாக வாசித்து, பிரபுவை வாத்து ஆக்கிவிடுவார். பிறகு சிறையில் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தில் வரும் சண்டை உண்மையில் எப்படி நடந்தது என்று விளக்குவார். குடிபோதை, குறி தவறல், கையிலேயே வெடித்துப்போன துப்பாக்கி, நிராயுதபாணியாக நின்றவனைச் சுட்ட அசிங்கம். வேகம் ஒன்றும் பெரிதல்ல, சுடுபடும்போது பதறாமல் நிதானமாகக் குறி பார்க்கிறவன்தான் பிழைப்பான் என்பது லிட்டில் பில்லின் பாடம். எழுத்தாளர் உடனே கட்சி மாறி இவருடைய கதையை எழுதத் தொடங்கிவிடுகிறார். ஹாக்மனுக்கு இதற்காக ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த படம், இயக்கம், ஜோயல் காக்ஸின் படத்தொகுப்பு ஆகியவற்றுக்கும் சேர்த்துப் படம் பெற்றவை நான்கு.

லிட்டில் பில் தன் கையால் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். ஓய்வுக்காலத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து புகைக்குழாய் பிடிக்க வேண்டுமாம். அந்த வீட்டில் ஒரு மூலையும் நேராக இல்லை. மழை வந்தால் ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைக்கிறார். அடித்து உதைப்பதில் கை தேர்ந்தவர், ஆணி அடிப்பதில் தேறவில்லை. அந்தப் பக்கம் கொலைத்தொழிலை விட்டுப் பன்றி வளர்ப்பில் தோற்கும் மனி, இந்தப் பக்கம் தச்சு வேலையில் தோற்கும் ஷெரிஃப். இருவரும் ஓய்வை விரும்பியவர்கள், இருவருக்கும் ஓய்வுக்கேற்ற கைத்திறமை வாய்க்கவில்லை. எதிரிகளை இப்படி ஒன்றுபோலச் செதுக்கியதை நினைத்து நினைத்து நான் வியந்திருக்கிறேன்.

இனி, படத்தின் உச்சம் என்று நான் கருதும் காட்சிக்கு வருகிறேன். டேவியைக் கொல்லும் காட்சி. பாறைகளுக்கு மேல் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். கீழே மாட்டுக்காரர்கள் வேலையில் இருக்கிறார்கள். நெட் சுடுகிறான். குண்டு குதிரைமேல் படுகிறது. குதிரை டேவியின் காலை நசுக்கிக்கொண்டு விழுகிறது. அவன் காலை உருவிக்கொண்டு தவழ ஆரம்பிக்கிறான். நெட் மறுபடி குறி பார்க்கிறான். விசையை அழுத்த விரல் வரவில்லை. இத்தனைக்கும் மூவரில் நன்றாகச் சுடத் தெரிந்தவன் அவன்தான். ஒன்றும் சொல்லாமல் ரைஃபிளை மனியிடம் கொடுக்கிறான். மனிக்கு அந்த ரைஃபிள் பழக்கமில்லை. சுடுகிறார், தவறுகிறது. மறுபடி தவறுகிறது. இளைஞனுக்கோ கண் தெரியாது. கொஞ்ச தூரத்துக்கு மேல் எல்லாம் மங்கல். அதை இத்தனை நாள் மறைத்துக்கொண்டு வந்தவன். பட்டதா, செத்தானா என்று பதறிப் பதறிக் கேட்கிறான். பட்டுவிட்டது, வயிற்றில். உடனே சாகக்கூடிய காயம் அல்ல.

அதற்கப்புறம்தான் படம் தன் கையிருப்பைக் காட்டுகிறது. டேவி தாகம் தாகம் என்று கத்துகிறான். அவனுடைய நண்பர்கள் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். எழுந்தால் சுட்டுவிடுவார்கள் என்ற பயம். கத்தல் நிற்கவில்லை. பொறுக்க முடியாமல் மேலிருந்து மனியே கூவுகிறார்: அவனுக்குத் தண்ணி கொடுங்கப்பா, நாங்க சுட மாட்டோம். சுட்டவனே கருணை காட்டும் அந்தக் கூவல் ஈஸ்ட்வுட்டின் தொண்டையில் கட்டிக்கொண்டு வருகிறது. ஒருவன் தண்ணீர்க் குப்பியோடு ஓடுகிறான். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இசை இல்லை. ஒரு மனிதன் சாவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வெஸ்டர்ன் படங்கள் அதிகம் காட்டியதில்லை. சுட்டால் விழுவான், காட்சி மாறும். இங்கே காட்சி மாறவே மாட்டேன் என்கிறது. நெட் அப்போதே முடிவெடுத்துவிடுகிறான். வீடு திரும்பப் புறப்படுகிறான்.

திரும்ப முடியவில்லை. ஷெரிஃபின் ஆட்கள் பிடிக்கிறார்கள், லிட்டில் பில் சாட்டையால் அடிக்கிறார். ஒரு வெள்ளை அதிகாரி ஒரு கறுப்பு மனிதனைக் கம்பியில் பிணைத்துச் சவுக்கடி கொடுக்கும் அந்தப் பிம்பம் அமெரிக்காவில் என்னவெல்லாம் கிளறும் என்று படத்துக்குத் தெரியும். ஆனாலும் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் யாரும் பேசுவதில்லை. பேசாததால் அது அதிகம் உறுத்துகிறது.

இரண்டாவது ஆளை இளைஞனே முடிக்கிறான், கழிப்பறையில் உட்கார்ந்திருந்தவனை வாசலில் நின்று சுட்டு. பிறகு ஒற்றை மரத்தடியில் காத்திருக்கும் காட்சி. விரிந்த சமவெளி, எங்கோ ஒரு புள்ளியாகக் குதிரையில் வரும் உருவம். கூலியைக் கொண்டுவருகிற பெண். இளைஞன் பாட்டிலை வாயில் வைத்துக் கவிழ்த்துக்கொண்டே பேசுகிறான். ஐந்து பேரைக் கொன்றதாகப் பீற்றிக்கொண்டதெல்லாம் பொய், இதுதான் முதல் கொலை என்று உடைகிறான். மனி அவனுக்குப் பெரிதாக ஆறுதல் சொல்வதில்லை. ஒரு மனிதனைக் கொல்வது என்றால் அவனிடம் இருப்பதையும் அவனுக்கு இனிமேல் கிடைக்க இருப்பதையும் சேர்த்துப் பறிப்பது என்று, பார்வையை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்காமல் சொல்கிறார். அவர்கள் பேசப் பேசப் புள்ளி வளர்கிறது. வருகிறவளைக் காண முடிந்தவர் மனி ஒருவர்தான்; கண் மங்கலான பையனுக்கு அது தெரியவே போவதில்லை.

வந்தவள் காசைக் கொடுக்கிறாள். நெட் செத்துவிட்டான் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள், இவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து. எப்படிச் செத்தான் என்று மனி கேட்கிறார். அவள் பயந்து பயந்து சொல்கிறாள். அடி தாங்க முடியாமல் நெட் உண்மையைச் சொல்லிவிட்டானாம்: இவன் மிசௌரியின் வில்லியம் மனி, ரயிலுக்கு வெடி வைத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றவன். இதைக் கேட்டுக்கொண்டே மனியின் கை இளைஞனிடமிருந்து பாட்டிலை வாங்குகிறது. ஒரு மிடறு. படம் முழுக்கக் குடிக்க மறுத்தவர், மழையில் நனைந்து காய்ச்சலில் நடுங்கியபோதும் வேண்டாம் என்றவர். இங்கே வேண்டுமா வேண்டாமா என்ற போராட்டம் எதையும் நடித்துக் காட்டவில்லை ஈஸ்ட்வுட். குரல் உயரவில்லை. அவளிடம் விவரம் கேட்டுக்கொண்டே இன்னொரு மிடறு. அவள் பேச்சைக் கவனிக்கிற பார்வையாளர் பாட்டிலைத் தவறவிடக்கூடும். நான் முதல் தடவை பார்த்தபோது பாட்டிலைத்தான் பார்த்தேன், அவள் சொன்னது பாதி காதில் விழவில்லை. கிளாடியா கட்டிய வீடு இடிந்து விழுந்த சத்தம் அந்த மிடறில்தான் எனக்குக் கேட்டது. மனி திரும்பி வந்துவிட்டார். இந்தத் திரும்பி வருதலுக்குப் பின்னணி இசை முழக்கமோ, மெதுவாக ஓடும் காட்சியோ கிடையாது.

அடுத்த காட்சியில் இரவு, மழை. சேற்றில் காலி பாட்டில் ஒன்று வந்து விழுகிறது. குதிரையின் கால்கள் கடந்து போகின்றன. நெட்டின் உடல் மதுக்கடை வாசலில் சவப்பெட்டியில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, எச்சரிக்கைப் பலகையோடு. ஒளிப்பதிவாளர் ஜாக் கிரீன் இந்தக் கடைசிப் பகுதியை ஏறக்குறைய இருட்டிலேயே எடுத்திருக்கிறார். விளக்கு வெளிச்சம் படாத முகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவர அவர் முயலவே இல்லை. உள்ளே கும்பல் நாளைக்குத் தேடுதல் வேட்டைக்குக் கிளம்புவதைப் பற்றிக் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிக் குழல் நுழைந்த பிறகுதான் ஆள் தெரிகிறார்.

இந்தக் கடை யாருடையது என்று கேட்கிறார் மனி. ஸ்கின்னி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முன்னால் வந்து, தன்னுடையதுதான், ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினேன் என்கிறார். ஆயிரம் டாலர்! இரண்டு மனிதர்களின் உயிருக்குப் பெண்கள் திரட்டிய அதே தொகை. பீப்பிள்ஸ் அந்த எண்ணை அங்கே வைத்துவிட்டு ஒரு சொல்லும் விளக்காமல் நகர்ந்துவிடுகிறார். அந்த வாக்கியம்தான் ஸ்கின்னியின் கடைசிப் பேச்சு.

அடுத்த குண்டு லிட்டில் பில்லுக்கு. ஆனால் விசையை இழுத்தால் வெடிக்கவில்லை. துப்பாக்கியை அவர்கள்மேல் வீசிவிட்டு இளைஞனிடம் வாங்கி வந்த கைத்துப்பாக்கியை எடுக்கிறார் மனி. எதிரே இருப்பவர்கள் பதறிச் சுடுகிறார்கள். எல்லாம் சுவரில் போகிறது. அவர் நின்று, ஒவ்வொருவராகக் குறி பார்த்துச் சுடுகிறார். தகரடப்பாவைத் தவறவிட்ட அதே கை. வேகம் அவரிடம் இல்லை, நிதானம் இருக்கிறது. லிட்டில் பில் சிறையில் எழுத்தாளருக்கு நடத்திய பாடம் ஒரு பிசகும் இல்லாமல் நிரூபணமாகிறது, பாடம் நடத்தியவரையே தரையில் சாய்த்து. அடிபட்டுக் கிடக்கும் லிட்டில் பில் கடைசியாக நினைப்பது ஒழுகும் அந்த வீட்டை. இப்படிச் சாக எனக்கு நியாயமில்லை, வீடு கட்டிக்கொண்டிருந்தேனே என்கிறார். தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் மனி.

இந்தச் சண்டையைப் பற்றி ஒரு குறை உண்டு. அதுவரை கொலையின் கனத்தை இறக்கிவைக்காமல் சுமக்கவைத்த படம், கடைசியில் நாம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்த இன்பத்தைக் கொடுத்துவிடுகிறது என்பார்கள். அது பொய்யில்லை. லிட்டில் பில் விழும்போது மனம் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் மேசைக்குக் கீழே கிடந்த பூஷாம்ப் அந்த நேரத்தில் எழுந்து வருவதைக் கவனித்தால் எனக்கு அந்தக் குறை கரைந்துவிடுகிறது. பிணங்களுக்கு நடுவே நின்று, தனியாளாக ஐந்து பேரைக் கொன்றாயே, முதலில் யாரைச் சுட்டாய், வரிசை என்ன என்று கேட்கிறார் அவர். எழுத வேண்டுமே. அந்த வரிசையைத் தெரிந்துகொள்ள நமக்கும் ஆசை இருக்கிறது. ஆட்களைக் கொல்வதில் தனக்கு எப்போதும் அதிர்ஷ்டம் உண்டு, அவ்வளவுதான் என்று சொல்லி அவரை விரட்டிவிடுகிறார் மனி. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. டிலைலாவுக்குப் படம் தந்த வசனங்கள் மிகக் குறைவு. மனி காய்ச்சல் தெளிந்து அவளோடு பேசும் அந்த ஒரு காட்சி, தழும்புகளைச் சொல்லி அவளைக் கூச்சப்படவைக்காமல் அவர் சுற்றி வளைத்துப் பேசும் அழகு, அதுபோல இன்னொன்று இருந்திருக்கலாம்.

2013இல் லீ சாங்-இல் இந்தக் கதையை ஜப்பானுக்கு எடுத்துப்போய், மெய்ஜி காலத்து ஹொக்கைடோவில் கென் வாட்டனாபேயை வைத்து மறுபடி எடுத்தார். துப்பாக்கிக்காரர் அங்கே வாள்வீரர். பனிப்பரப்பு கண்ணைப் பறிக்கும். வாளை உறையிலிருந்து உருவ முடியாமல் துருப்பிடித்துக் கிடப்பதை அங்கே காட்டலாம். ஈஸ்ட்வுட்டின் படத்திலோ துருப்பிடித்தது மனிதன்தான்.

கடைசியில் திரையில் சில வரிகள் ஓடுகின்றன. கிளாடியாவின் அம்மா வெகுகாலம் கழித்து மகளின் கல்லறையைப் பார்க்கக் கன்ஸாஸ் வந்தாராம். மனி பிள்ளைகளோடு எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டிருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் துணி வியாபாரத்தில் நன்றாக வந்தார் என்று கேள்வி. ஈஸ்ட்வுட்டே மெட்டமைத்த கிளாடியாவின் இசை கிட்டாரில் போய்க்கொண்டிருக்கிறது. பன்றி வளர்க்கத் தெரியாத, சுடவும் மறந்திருந்த ஒருவர் வியாபாரத்தில் எப்படி நன்றாக வந்தார், முதல் எங்கிருந்து கிடைத்தது என்று படம் சொல்வதில்லை. இளைஞன் தெற்கே எடுத்துச் சென்ற கூலிப் பையில் மனிக்கும் நெட்டின் சாலிக்கும் சேர வேண்டிய பங்குகள் இருந்தன என்பது மட்டும் நமக்குத் தெரியும்.